ஐந்து முறை சுட்ட தோட்டா

மேசைமேல் இரண்டு படங்கள் கிடந்தன. ஒன்று செத்துப்போன குதிரை. மற்றது ஒரு காலித் தோட்டா. குதிரையைப் பார்த்துச் சற்குணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தோட்டாவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"என்ர கோதுதான் மேடம். இல்லையெண்டு சொல்ல மாட்டன். எங்கட ஆக்களுக்குள்ள நிக்கல் கோதிலை சுடுறது நான் ஒருத்தன்தான்."

பாபகூராவில் மீன் வறுவல் விற்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் திலகாவின் துப்பறியும் அலுவலகம். ஈப்போக்காரி. பதினான்கு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம் பிடித்து அலுத்துப்போய்த் தனிக்கடை போட்டவள். அவளுடைய உதவியாளன் சரத் திருச்சிக்காரன். நாற்பது வயசு. ஐ.டி. வேலை பறிபோன அன்றே இங்கே வந்து சேர்ந்தான். வாய் மட்டும் இன்னும் பறிபோகவில்லை.

"சார், போலீஸே கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே கண்டுபிடிச்சுக் குடுக்குறீங்களே. எங்க பொழப்பு என்னாகுறது?" என்றான்.

சற்குணம் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலும் அவர் இல்லை.

விஷயம் இதுதான். ஹுனுவா மலையடிவாரத்தில் ஒரு பண்ணை. காட்டாடு சுட்டுக்கொள்ளலாம் என்று பண்ணைக்காரர் இரண்டே பேருக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தார். ஒருவர் சற்குணம். இன்னொருவர் அவருடைய பதினோரு வருஷச் சிநேகிதர் தியாகலிங்கம். இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணி மங்கிய வெளிச்சத்தில், யாரோ காட்டாடென்று நினைத்துப் பண்ணைக்காரரின் மகள் வளர்த்த குதிரையைச் சுட்டுவிட்டார்கள். சுட்டவன் நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குண்டு குதிரையைத் துளைத்துக்கொண்டு சேற்றுக்குள் போய்விட்டது. புல்லுக்குள் ஒரே ஒரு காலித் தோட்டா அகப்பட்டது.

எதைச் சுடுகிறோம் என்று நிச்சயமாகத் தெரியாமல் விசையில் விரல் வைக்காதே என்று துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பில் முதல் நாளே தலையில் ஏற்றி அனுப்புகிற நாடு இது. அதை மீறினவனுக்கு லைசென்ஸ் போகும். சற்குணத்துக்கு அதோடு நிற்காது. அவரும் தியாகலிங்கமும் மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள். போலீஸ் வழக்கு விழுந்தால் ஏர்போர்ட் பாஸ் போகும். பாஸ் போனால் வேலை போகும். லேப் அறிக்கை வர ஆறு வாரம் ஆகுமாம். பாஸ் பற்றிய விசாரணையோ வருகிற திங்கட்கிழமை.

"எப்சத்திலை வாடகைக்கு இருக்கிறன் மேடம். பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்காக. வேலை போனா அடுத்த மாசம் வீடும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை."

"சரி. உங்க தோட்டா அங்கெ எப்படிப் போச்சு?" என்று கேட்டாள் திலகா.

சற்குணம் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். சுட்டு முடிந்த தோட்டாவின் உலோகக் கூட்டை, அவர் வாயில் கோது, அவர்கள் வீசுவதில்லை. கழுவி, புது மருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி சுடுவார்கள். பெரும்பாலானவர்கள் வெறும் பித்தளைக் கோது பாவிப்பார்கள். அவருக்குப் பித்தளை பிடிக்காது. பித்தளைக்கு மேல் நிக்கல் பூசின வெள்ளைக் கோதுதான் வாங்குவார். அதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. சொந்தக் காரைப் பற்றிப் பேசுகிற ஆள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பித்தளை இந்த ஊர் ஈரத்துக்குக் கறுத்துப்போகும். நிக்கல் கறுக்காது. துவக்குக்குள்ள சிக்காது. புல்லுக்குள்ள விழுந்தாலும் மினுங்கும், எடுத்திடலாம்."

"குறையே இல்லாத பொருளா?"

"ஒரு குறைதான். ஆயுசு காணாது. கழுத்து கெதியா வெடிச்சிடும். பித்தளை பத்து, பன்னிரண்டு தரம் தாங்கும். இதை நான் அஞ்சு தரத்துக்கு மேல நம்ப மாட்டன். மூண்டாம் தரத்திலை கழுத்து நீண்டுபோகும், அதை அளவா வெட்டுவன். அஞ்சாம் தரத்தோட எறிஞ்சிடுவன்."

"எங்கெ எறிவீங்க?"

சற்குணம் ஜன்னலைப் பார்த்தார். ரயில் ஒன்று போய்முடியும் வரை பார்த்தார்.

"தியாகலிங்கத்தின்ர வாளிக்குள்ள," என்றார் கடைசியில். "பழைய உலோகக் கடையிலை குடுக்கிறதுக்கு அவன்தான் சேர்க்கிறவன். என்ர கழிச்ச கோது உலகத்திலை வேற ஆற்றையும் கையிலை இல்லை. என்ர துவக்கும் அவன்ர சேஃபிலைதான் கிடக்கு. வாடகை வீட்டிலை சுவரைத் துளைச்சு சேஃப் பூட்ட விட மாட்டாங்கள்."

சரத் எழுதுவதை நிறுத்தினான். "உங்க துப்பாக்கியை எடுத்து, உங்க பழைய தோட்டாவைப் போட்டு, அவர் சுட்டாருன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லேல்லைத் தம்பி. சொல்ல நா எழும்பேல்லை. அண்டைக்கு அவன்ர வீட்டிலைதான் நிண்டனான். சாப்பிட்டிட்டு சோபாவிலை நித்திரையாப் போனன். எழும்பேக்கை அவனைக் காணேல்லை. சேஃபிலை என்ர துவக்கும் இல்லை."

திலகா கோப்பைப் புரட்டினாள். "நாலு மணிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் நீங்க அவர் வீட்ல இருந்தீங்கன்னு அவரே போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காரே?"

"ஓம். நான் இருந்தனான். அவன் இருந்தவனோ எண்டு ஆரும் கேக்கேல்லை."

சற்குணத்தின் வக்கீலுக்கு ஐந்து மணிக்குள் அறிக்கை போக வேண்டும். தியாகலிங்கத்திடம் கழிவுத் தோட்டா இருந்ததை நேரில் பார்த்தேன் என்று திலகா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வழக்கு இவர் தலையிலிருந்து இறங்கி அவர் தலையில் ஏறிவிடும்.

கிளம்பும்போது சற்குணம் திலகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவனை நோகடிக்காமல் கேளுங்கோ மேடம். பாவம்," என்றார்.

மோட்டார்வேயில் வடக்கே போகும்போது சரத் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"பதினோரு வருஷ ஃப்ரெண்டு மேடம். எங்கிட்ட பதினோரு வருஷமா இருக்கறது ஒரே ஒரு பெல்ட்டு. அதுகூட இன்னும் என்னை ஏமாத்தல."

"உன் தொப்பையெ அது சொல்லிக் காட்டலையா?"

"அது உண்மையைச் சொல்றது மேடம். துரோகம் இல்ல."

திலகாவுக்கும் மனம் சரியில்லை. பொய்யர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் சிநேகிதனின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்க் குற்றத்தைச் செய்துவிட்டு, அவனை சோபாவில் தூங்க விடுகிற ஆளைப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. நெற்றியில் நேற்றைய திருநீற்றின் மிச்சம், மூக்கு நுனியில் கண்ணாடி. தியாகலிங்கம் மங்கரே வீட்டின் கராஜுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சின்ன கேஸ் டார்ச்சால் ஒரு பித்தளைக் கோதின் கழுத்தைச் சுட வைத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே விமானம் ஒன்று சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கியது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திலகா தான் யார், யாருக்காக வந்திருக்கிறாள் என்று சொன்னாள். சற்குணத்தின் பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"சற்குணம் வைச்ச டிடெக்டிவோ? வாங்கோ தங்கச்சி, வாங்கோ தம்பி. அவனுக்கு ஏதும் நல்ல சேதியோ? மனுசன் ரெண்டு கிழமையாச் சாப்பிடேல்லை. திங்கட்கிழமைக்கு நானும் லீவு போட்டிட்டன். விசாரணைக்கு அவனைத் தனியா விடேலாது."

திலகாவுக்குச் சுருக்கென்றது. நடிப்பென்றால் இது பெரிய நடிப்பு. சரத் அவளைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே அடக்கினாள்.

"அதென்னாண்ணே, தோட்டாவுக்குச் சூடு வைக்கிறீங்க?"

"சுடச் சுடப் பித்தளை இறுகிப்போகும். இப்பிடிச் சூடு காட்டினா இளகும். பிறகு பதினைஞ்சு தரமும் பாவிக்கலாம்." பெருமையாகக் காட்டினார். உண்மையில் பார்க்க அழகாக இல்லை. கறுப்பும் நீலமும் பழுப்புமாக, அடுப்பங்கரைப் பாத்திரம் போலிருந்தது. "சற்குணம் இதைப் பாத்தா முகத்தைச் சுளிப்பான். அவனுக்கு மினுங்க வேணும். அந்த நிக்கல் பூச்சுக்குச் சூடு காட்டேலாது. அஞ்சு தரம், பிறகு வெடிப்பு. எத்தினை தரம் சொன்னாலும் கேக்க மாட்டான்."

"கழிச்சுப் போடறதெல்லாம் இங்கதான் வருதாமே சார்?" என்றான் சரத், வாளி ஒன்றை எட்டிப் பார்த்தபடி. உள்ளே எல்லாம் மஞ்சள். வெள்ளை ஒன்றுகூட இல்லை.

"அதுக்குள்ள பாக்காதையுங்கோ. மஞ்சளோட நிக்கலைக் கலந்தாக் கடைக்காரன் முகத்திலை அடிச்ச மாதிரித் திருப்பி அனுப்பிடுவான். அதாலை அவன்ரதை நான் பொறுக்கிப் புறம்பா வைக்கிறனான்."

அலமாரியிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை இறக்கினார். மூடியைத் திறந்தார். உள்ளே முழுக்க வெள்ளைத் தோட்டாக் கூடுகள்.

சரத் திலகாவின் காதருகே குனிந்தான். "மேடம், குற்றவாளியே பரிமாறுறாரு. நமக்கு இலை மட்டும்தான் பாக்கி."

அறிக்கைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மணி மூன்றேமுக்கால். திலகா ஒரு கூட்டை எடுத்தாள், போலீஸ் படத்தோடு வைத்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஃபோனைத் தூக்கியவள் தூக்கியபடியே நின்றாள். பிறகு டப்பாவிலிருந்து இன்னொன்று எடுத்தாள். இன்னொன்று. கடைசியில் டப்பாவையே மேசையில் கவிழ்த்துவிட்டாள்.

"அண்ணே, இதோட வாயெல்லாம் ஏன் மஞ்சளா வளையம் இருக்கு?"

"வெட்டினதுதானே தங்கச்சி. நிக்கல் வெறும் பூச்சு, உள்ளுக்குப் பித்தளைதான். மூண்டாம் தரத்திலை வாயை வெட்டி அளவாக்கினா, வெட்டின இடத்திலை மஞ்சள் தெரியும். பிறகு அதை மறைக்கேலாது."

"வெட்டாமலே அஞ்சு தரம் சுட முடியாதா?"

"சீ, சீ. நீளம் கூடினாத் துவக்குப் பூட்டாது, ஆபத்து. சற்குணம் அந்த விசயத்திலை சரியான கவனம். ஒண்டையும் வெட்டாமல் விட மாட்டான்."

திலகா போலீஸ் படத்தை அவர் பக்கம் தள்ளினாள். தியாகலிங்கம் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்தப் படத்தில் இருந்த கூட்டின் வாய் முழு வெள்ளை. விளிம்பில் மஞ்சள் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"இது புதுக் கோது," என்றார், கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்ன சந்தோஷத்தில். "ஒண்டோ ரெண்டோ தரம்தான் சுட்டிருக்கு. இன்னும் கத்தி படேல்லை."

"உங்ககிட்ட இந்த மாதிரிப் புதுசு இருக்கா?"

"எனக்கேன்? நான் நிக்கலிலை சுடுறதே இல்லை. புதுப் பெட்டி அவன்ர வீட்டு அலுமாரியிலை எல்லோ..."

டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சரத்தான் போய் அணைத்தான்.

கழிவு வாளிக்குள் போன தோட்டா இல்லை அது. எப்சத்து வீட்டு அலமாரியைவிட்டு சற்குணத்தின் கை எடுக்காமல் வெளியே வர வழியில்லாத தோட்டா. தன் நிக்கலைப் பற்றி அத்தனை பெருமையாகப் பாடம் எடுத்த மனிதர், பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குக் காது இருக்கிறது என்பதை மறந்துபோனார்.

"ஏன் தங்கச்சி வாளியைப் பற்றிக் கேட்டனீங்கள்?" தியாகலிங்கம் மெதுவாகக் கேட்டார். "அவன் என்ன சொன்னவன்?"

திலகா சொல்லிவிட்டாள். சோபா, தூக்கம், காணாமல்போன துப்பாக்கி, வாளி. மறைத்து அழகுபடுத்திச் சொல்ல அவளுக்குத் தெரியாது. சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவளுடைய கையெழுத்தை வைத்து இந்த மனிதரைப் புதைத்திருப்பார்கள். அவளை நம்பி வந்தவன் என்று நினைத்தவன், அவளை ஒரு மண்வெட்டியாக வைத்துக்கொண்டிருக்கிறான்.

தியாகலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்டைக்கு மூண்டு மணிக்கு வந்து துவக்கை எடுத்துக்கொண்டு போனவன். எட்டுக்குக் கொண்டுவந்து வைச்சவன். முகம் பேயறைஞ்ச மாதிரி. 'லிங்கம், ஆரும் கேட்டா நான் நாலு மணியிலை இருந்து உன்னோடதான் நிண்டனான் எண்டு சொல்லு' எண்டான். சொன்னன்."

"ஏன்னு கேக்கலையா சார்?" என்றான் சரத்.

"சிநேகிதன்தானே தம்பி. என்னத்தைக் கேக்கிறது."

"போலீஸ் வந்து நேரே கேட்டப்பவும்?"

"அப்ப விளங்கினதுதான். பிழைதான் விட்டனான். குதிரையை நினைச்சு ரெண்டு நாள் நித்திரை இல்லை. எண்டாலும் வேணுமெண்டு சுட்டிருக்க மாட்டான், பயத்திலை ஓடியிருப்பான், அவனுக்குப் பிள்ளையள் இருக்கு எண்டு நினைச்சன்."

திலகா எழுந்து கராஜின் குறுக்கே நடந்தாள். "அண்ணே, நீங்க குடுத்த சாட்சி அவரை மட்டும்தான் காப்பாத்துது. அவர் இங்க இருந்தாருன்னு நீங்க சொல்லிட்டீங்க. நீங்க இருந்தீங்கன்னு சொல்ல அவர் ஒருத்தர்தான். அவர் இல்லைன்னுட்டார். இப்ப போயி நீங்க உண்மையெச் சொன்னா, முன்னெ ஒரு பேச்சு, மாட்டிக்கிட்டதும் ஒரு பேச்சுன்னு சொல்வாங்க. அன்னிக்கு எட்டு மணிக்கு அவர் உங்ககிட்ட கேட்டது உதவியில்லை. உங்க கழுத்துக்குக் கயிறு வாங்கிக்கிட்டுப் போயிருக்கார்."

அப்போது அவள் ஃபோன் அடித்தது. திரையில் சற்குணத்தின் பெயர். திலகா தியாகலிங்கத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், வாளியைப் பாத்தியளோ? நிக்கல் கிடந்ததோ?"

"கெடந்திச்சு."

"நான் சொன்னனானெல்லோ!" குரலில் அப்படியொரு நிம்மதி. "அப்ப ரிப்போர்ட்டிலை அவன்ர பேரைப் போடுங்கோ. எனக்கும் மனசு கேக்கேல்லைத்தான். என்ன செய்யிறது, உண்மையை மறைக்கேலாதே."

தியாகலிங்கம் ஃபோன் பக்கம் குனிந்தார்.

"சற்குணம்," என்றார். "அண்டைக்கு நீ சாப்பிட்டனியெண்டு சொன்னியாம். என்னடா கறி?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பிள்ளை இங்கிலீஷில் அப்பாவைக் கூப்பிட்டது. கதவு மூடும் சத்தம். பிறகு சற்குணம் பேசினார். அழவில்லை, கெஞ்சவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"லிங்கம், எனக்கு ரெண்டு பிள்ளையள். நீ தனிக்கட்டை. உனக்கு வேலை போனா உன்ர வயிறு ஒண்டுதான். எனக்கு நாலு. யோசிச்சுப் பார், நீயே சொல்லு, ஆர் போறது நியாயம்?"

தியாகலிங்கம் யோசித்துப் பார்த்தார் என்பதுதான் சரத்தால் தாங்க முடியாமல் போன விஷயம். அந்த மனிதர் நிஜமாகவே ஒரு கணம் யோசித்தார். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

"கேட்டிருந்தா நானே சுட்டனான் எண்டு சொல்லியிருப்பன்," என்றார்.

"விடுங்க சார், ஃப்ரெண்டு ஒருத்தன் போனா..." என்று சரத் ஆரம்பித்தான். திலகா அவன் தோளைத் தட்டி வெளியே தள்ளினாள்.

அவள் வக்கீலைக் கூப்பிட்டு, அறிக்கை வராது, இந்த வழக்கிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்று இரண்டே வாக்கியம் சொன்னாள். பிறகு திரும்பி வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். போலீஸ்ல பொய் எழுதிக் குடுத்தது குத்தம். இப்ப போயி மாத்திச் சொன்னா உங்க லைசென்ஸும் போகலாம், பாஸும் போகலாம். படமும் இந்த டப்பாவும் உங்க பக்கம் பேசும். ஆனா ஒண்ணும் நடக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் லா."

"விளங்குது தங்கச்சி. உங்கட காரிலை கொண்டுபோய் விடுவீங்களோ? எனக்கு இப்ப ஓட்டேலாது."

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஒரு சிக்னலில் நின்றபோது, திங்கட்கிழமை போட்ட லீவை ரத்துச் செய்ய முடியுமா என்று சரத்திடம் கேட்டார். செய்யலாம் சார், ஆன்லைன்லயே செய்யலாம் என்றான் சரத்.

போலீஸ் நிலையக் கவுண்டரில் இருந்தவள் இளம் பெண். இங்கிலீஷில் பொறுமையாகக் கேட்டாள், ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தாள். பெயர். பிறந்த தேதி. முகவரி. முன்பு கொடுத்த வாக்குமூலத்தை மாற்ற வந்திருக்கிறீர்கள், சரிதானே? சரி. அது யாரைப் பற்றியது? சற்குணம். எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

"அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள். "உறவினரா? நண்பரா?"

தியாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு, அவள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகச் சொன்னார்.

"ஒரே இடத்தில் வேலை செய்கிறோம்."